அப்பாவின் கையும் அண்ணனின் தோளும்

அன்று காலை பத்தரை மணிக்கு ஸ்டுடியோவின் உள்ளறையில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, நான். படமெடுக்கிற அக்காவையும் சேர்த்தால் நான்கு பேர். இல்லாதவன் என் அண்ணன் மட்டும். இல்லை என்றால் ஊரில் இல்லை என்று அர்த்தமில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்கள் மூன்று பேரையும் எடுத்து முடித்து, அப்பா மினி பஸ் ஏறிய பிறகுதான் அவன் உள்ளே வருவான். அவனைத் தனியாக எடுத்து, கம்ப்யூட்டரில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டுவார்கள். அதுதான் எங்கள் குடும்பப் படம்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களை இப்படி ஒட்டுவார்கள். கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோன அப்பாவை மணமக்களுக்குப் பின்னால் ஒட்டுவார்கள். ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைத் தின்கிற இரண்டு பேரை ஒட்டச் சொல்லிக் கேட்டது நாங்கள்தான் முதல் என்று ஸ்டுடியோ அக்கா சொன்னார்.

"ரெண்டு பேரையும் வெட்டி ஒட்ட எனக்கு மூணு மணி நேரம் ஆகும் தம்பி. ஒருத்தர ஒருத்தர் பாத்து 'வா'ன்னு சொல்ல மூணு செகண்டு ஆகுமா?"

"ரெண்டு வருசமா அந்த மூணு செகண்டுதான்க்கா கிடைக்கல" என்றேன்.

எங்கள் ஊர் காரைக்காலை ஒட்டிய கிளிஞ்சல்மேடு. அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு உண்டு. பதினைந்து வயதிலிருந்து அண்ணன் அந்தப் படகில்தான் போனான். எட்டாம் வகுப்போடு அவன் பள்ளிக்கூடம் முடிந்தது. நான் பன்னிரண்டாவது முடித்தபோது எங்கள் வீட்டில் அதுவரை யாரும் படிக்காத படிப்பைப் படித்திருந்தேன். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. காரைக்காலில் கல்லூரியில் இடம் கிடைத்தது. இடம் கிடைத்தால் மட்டும் போதாது என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கட்டணத்துக்குப் பணம் வேண்டும். அந்த வருடம் மழைக்காலம் முடிந்ததும் அண்ணன் அப்பாவின் படகை விட்டு, துறைமுகத்தில் வேறொருவருடைய விசைப்படகில் ஏறிவிட்டான். ஐந்து நாள், ஆறு நாள் கடலிலேயே தங்கி வருகிற பெரிய படகு. மீன் விற்ற பணத்தில் பங்கு கொஞ்சம் அதிகம் கிடைக்கும். என் மூன்று வருடப் படிப்பும் அந்தப் பங்கிலிருந்துதான் வந்தது.

எங்கள் பக்கத்துக் கடலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதில் என்ன தப்பு என்று தோன்றும். பெரிய படகுகள் இரவில் தங்கள் வலையை இழுத்துக்கொண்டு போகும்போது சின்னப் படகுக்காரர்கள் விரித்த வலையை அறுத்துக்கொண்டு போய்விடும். அப்பாவின் வலை இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறது. "வலைய அறுக்குற போட்டுல எம்புள்ளையா?" என்று கரையில் வைத்துக் கேட்டவர், அதற்குப் பிறகு அண்ணனிடம் எதுவும் கேட்கவில்லை. அவன் பதிலும் சொல்லவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

அதன் பிறகு நான்தான் தபால்காரன். மூன்று அடி தூரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள்.

"ஒங்க அண்ணன்ட்ட சொல்லு, மோட்டார் பம்ப அமத்திட்டு வரச் சொல்லு."

"அமத்தியாச்சுன்னு சொல்லுடா."

"அமத்துனா ஏன் சத்தம் கேக்குதுன்னு கேளு."

"அது பக்கத்து வீட்டு பம்புன்னு சொல்லு."

நான் வாயே திறக்க வேண்டியதில்லை. நடுவில் உட்கார்ந்திருந்தால் போதும். நான் இல்லாத நாளில் அம்மா. அம்மாவும் இல்லாவிட்டால் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற சமயத்தில் அண்ணனுக்கு வளைகுடாவில் ஒரு மீன்பிடிப் படகில் வேலை உறுதியானது. இரண்டு வருட ஒப்பந்தம். நடுவில் விடுமுறை கிடையாது. தடைக்காலம் முடிந்த மறுநாள் திருச்சியிலிருந்து விமானம். அதற்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அம்மா அந்தப் பதினெட்டையும் தினமும் ஒன்று குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் கொடுவா மீனை அரிந்துகொண்டே என்னிடம் சொன்னாள். "ஒரு வார்த்த பேசாம அனுப்பிட்டாருன்னா, அங்க கடல்ல ஒரு காத்து மழைன்னா இந்த மனுசனால தூங்க முடியாதுடா. எனக்குத் தெரியும். அவனுக்கும் அப்படித்தான். ரெண்டும் ஒண்ணுதானே."

அதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் படம். பிள்ளை போவதற்கு முன்னால் நாலு பேரும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். அப்பா மறுக்கவில்லை. "எடுக்கட்டும். ஆனா சேந்து நிக்கச் சொல்லாத" என்றார். அண்ணனும் மறுக்கவில்லை. "அவரு பக்கத்துல நான் நின்னா அவரு மூஞ்சியத் திருப்பிக்குவாரு. அத வேற படத்துல காலத்துக்கும் பாக்கணுமா?" என்றான். ஒட்டுகிற யோசனையை நான்தான் சொன்னேன். படித்தவன் என்பதால் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஸ்டுடியோ காரைக்கால் டவுனில் மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில் இருக்கிறது. அதை நடத்துகிற அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடிக்கொண்டே இருப்பார். முன்கூட்டியே நான் போய் விஷயத்தைச் சொன்னபோது, சிரித்து முடித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"கருப்பு வெள்ளையிலதான் எடுப்பேன். கலர்ல ஒட்டுனா ஒருத்தர் மஞ்சளா ஒருத்தர் செவப்பா நிப்பாங்க. என்னதான் சரி பண்ணாலும் கண்ணு காட்டிக் கொடுத்துரும். கருப்பு வெள்ளையில ஒட்டு தெரியாது."

அம்மாவிடம் வந்து சொன்னேன். அரிவாள்மணையை அப்படியே தள்ளிவிட்டாள்.

"கருப்பு வெள்ளையா? உசுரோட இருக்குற புள்ளைக்கா?"

எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் சுவரில் மாட்டியிருக்கிற கருப்பு வெள்ளைப் படங்கள் எல்லாம் கடல் ஊருக்குள் வந்த அன்று போனவர்களுடையவை. வீட்டிலிருந்த படங்களையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டதால், வாக்காளர் அட்டையிலிருந்தும் வேறு ஏதேதோ அட்டைகளிலிருந்தும் தபால்தலை அளவு முகங்களை எடுத்துப் பெரிதாக்கி மாட்டினார்கள். எங்கள் வீட்டில் மாமா இருக்கிறார், அம்மாவின் தம்பி. எனக்கு அப்போது மூன்று வயது. அவரை எனக்கு அந்தப் படமாக மட்டும்தான் தெரியும். மார்புக்கு மேலே மட்டும். சிரிக்காத முகம்.

இரண்டு நாள் அம்மா பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்தாள். யோசித்துத் தீர்மானம் செய்திருந்தாள்.

"கருப்பு வெள்ளையின்னா கருப்பு வெள்ளையா இருக்கட்டும். ஆனா கால் தெரியணும். நாலு பேருக்கும் கால் தரையில இருக்கணும். பாதியில வெட்டக்கூடாது. அப்புறம், பல்லு தெரிய சிரிக்கணும். செத்தவங்க படத்துல யாரும் சிரிக்கிறதில்ல, பாத்திருக்கியா?"

ஸ்டுடியோ அக்காவிடம் இதைச் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "ஒங்கம்மா சொல்றது சரிதான்" என்றார். "எனக்கு இது தோணவே இல்ல பாருங்க." படமெடுக்கிற அன்று, தரை முழுக்கத் தெரிகிற மாதிரி புதிதாக ஒரு சாம்பல் நிறத் துணி வாங்கிச் சுவரிலிருந்து தரைவரை விரித்திருந்தார்.

அப்படித்தான் அந்தப் பத்தரை மணி வந்தது.

அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப்புடவை. அம்மாவை நடுவில் நாற்காலியில் உட்கார வைத்து, அவளுக்கு இடப்பக்கம் என்னையும் வலப்பக்கம் அப்பாவையும் நிறுத்தினார் அக்கா. அப்பாவுக்கு வலப்பக்கம் இடம் காலியாக விடப்பட்டது. அங்கேதான் அண்ணன் வருவான்.

"ஐயா, பெரிய புள்ள இங்க நிக்குது. அவரு தோள்ல நீங்க கை போட்ட மாதிரி வைங்க. சும்மா ரெண்டு ஆளும் தள்ளித் தள்ளி நின்னா ஒட்டுனது தெரிஞ்சுரும்."

அப்பா அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். கையைத் தூக்கினார். ஆனால் காற்றில் வைத்த கை எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் மேலும் கீழும் ஆடியது.

"தம்பி, நீங்க வந்து இங்க நில்லுங்க. ஐயா, அளவுக்கு இவரு தோள்ல கைய வைங்க. வச்சுட்டு அப்படியே நிறுத்திக்குங்க. தம்பி நகந்துரும்."

நான் போய் நின்றேன். அப்பாவின் கை என் தோளில் இறங்கியது. கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை, சட்டைக்கு மேலேயே சொரசொரப்பாக இருந்தது. அக்கா "சரியா இருக்கு, அப்படியே" என்றார். அப்பா தலையை ஆட்டினார்.

"இல்லம்மா. இவன் குட்ட. அவன் இவனவிட நாலு விரக்கட ஒசரம்."

என் தோளிலிருந்து கை மேலே போனது. நான்கு விரலைச் சேர்த்துப் படுக்கை வசமாக வைத்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவு. அங்கே நின்றது. நான் குனிந்து நகர்ந்துகொண்டேன். இரண்டு வருடமாக மகனின் முகத்தை நேராகப் பார்க்காத மனிதர், அவன் தோள் எங்கே முடிகிறது என்பதைக் காற்றில் தொட்டுக்காட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கையை நான் இன்றும் வியப்போடு நினைத்துக்கொள்கிறேன். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. புடவை மடிப்பைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டாள்.

அக்கா பத்துப் பதினைந்து முறை எடுத்தார். விளக்கை மாற்றினார். துணியை இழுத்துவிட்டார். ஒவ்வொரு முறையும் "கைய இறக்கிக்குங்க ஐயா, அப்புறம் வச்சுக்கலாம்" என்றார். அப்பா இறக்கவில்லை. கடைசிப் படங்களில் அந்தக் கை நடுங்கியது. நெற்றியில் வியர்வை. விளக்குச் சூடுதான் காரணம் என்று நான் நினைத்தேன்.

"ஐயா, பல்லு!" என்றார் அக்கா.

அப்பா உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

அவர்கள் இரண்டு பேரையும் மினி பஸ் ஏற்றிவிட்டு, டீக்கடைக்குப் போய் அண்ணனை அழைத்துவந்தேன். மூன்று டீ குடித்திருந்தான். என் சட்டையைப் போட்டிருந்தான். அவனிடம் நல்ல சட்டை இல்லை. தோளில் இறுக்கமாக இருந்தது.

அக்கா தரையில் சுண்ணாம்புக்கட்டியால் இரண்டு பாத அளவு போட்டிருந்தார். "இதுல நில்லுங்க. ஒங்கப்பா கை இந்தத் தோள்ல இருக்குது. அந்த நெனப்போட நில்லுங்க."

அண்ணன் தன் இடது தோளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, முதுகைக் கொஞ்சம் தளர்த்தி, தோளைக் கீழே கொண்டுவந்தான்.

"நிமிந்து நில்லுங்க தம்பி."

"இல்லக்கா. இப்படியே எடுங்க."

"கூனு போட்ட மாதிரி வரும்."

"பரவால்ல. அவருக்கு வலது கைய அவ்வளவு மேல தூக்க முடியாதுக்கா. வல இழுத்து இழுத்து தோள்பட்ட போச்சு. மேல தூக்குனா ராத்திரி பூரா தூங்க மாட்டாரு."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அப்பாவுக்குத் தோளில் வலி என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதே வீட்டில் இருபத்தொரு வருடமாக இருக்கிறேன். எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். அவர் கையைப் படிக்கவில்லை.

அவர் கையை மேலே தூக்கியபடிதான் படம் எடுத்திருக்கிறது என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் எதையும் சரிசெய்துவிடலாம் என்று நம்பினேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அண்ணன் குனிந்தபடியே சிரித்தான், எல்லாப் பல்லும் தெரிய. அம்மாவுக்காக.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தார். "வந்து பாத்துட்டுப் போங்க."

திரையில் நாங்கள் நான்கு பேரும் இருந்தோம். கருப்பு வெள்ளையில் ஒட்டு உண்மையிலேயே தெரியவில்லை. வெளிச்சம் ஒன்றாக இருந்தது, நிழல் ஒன்றாக இருந்தது. ஆனால் அப்பாவின் கை அண்ணனின் தோளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. கைக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு போகிற அளவுக்கு இடைவெளி.

"இவர மேல தூக்கிப் பாத்தேன்" என்று அக்கா இன்னொரு படத்தைக் காட்டினார். இப்போது தோள் கையில் பொருந்தியது. ஆனால் அண்ணனின் இரண்டு கால்களும் தரையில் இல்லை.

"மார்போட வெட்டலாம்னா ஒங்கம்மா கால் கேட்டிருக்காங்க. ஐயா கைய இறக்கிப் பாத்தேன், முழங்கை ஒடிஞ்ச மாதிரி ஆயிருச்சு. ஒங்கண்ணன பெரிசாக்குனா தல மட்டும் பூசணிக்கா மாதிரி வருது. எனக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் பண்ணிட்டேன்." நாற்காலியைத் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஐயா இவருக்காகத் தூக்கியிருக்காரு. இவரு அவருக்காகக் குனிஞ்சிருக்காரு. நான் எங்கேர்ந்து ஒட்டுறது? ரெண்டையும் சின்னதா பிரிண்டு போட்டுத் தர்றேன். வீட்டுல காட்டுங்க. அப்புறம் ஒங்க பாடு."

சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா கையில் முதலில் கிடைத்தது கால் பறக்கிற படம். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"ஐயோ, பேய் மாதிரி நிக்கிறான்டா! கால் தரையில படலடா! இந்தக் கண்றாவிய நான் வீட்டுல வைக்கணுமா?"

பிடுங்கி அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டாள். அது என்ன ஆனது என்று தெரியாது. இன்னொரு படத்தை அப்பா கேட்டு வாங்கினார். வாசல் விளக்குக்குக் கீழே நின்றுகொண்டு, தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். அண்ணன் அதே வாசலில் அந்தப் பக்கம் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடையில் உட்கார்ந்து வெளிநாட்டுப் பயணப் பெட்டியின் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"இவன் ஏன் குனிஞ்சு நிக்கிறான்?" அப்பா என்னைக் கேட்டார்.

நான் வழக்கம்போல அண்ணனைப் பார்த்தேன். அவன் தைப்பதை நிறுத்தவில்லை. வேறு வழியில்லாமல் நானே சொன்னேன். "ஒங்களுக்குத் தோள் வலிக்கும்னு குனிஞ்சுச்சுப்பா."

அப்பா படத்தை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார். பிறகு தலையைத் திருப்பி, என்னைத் தாண்டி, கூடையில் இருந்தவனைப் பார்த்துச் சொன்னார்.

"மடப்பயலே. நிமிந்து நின்னா என்னடா கொறஞ்சு போயிரும்?"

ஊசி நின்றது. இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு அது. அண்ணன் எழுந்து நின்றான். சத்தமாகப் பேசினான்.

"கை வலிக்குமேன்னுதான் குனிஞ்சேன்."

"வலிச்சா நான் சொல்ல மாட்டேனா?"

"எப்ப சொல்லியிருக்கீங்க? என்னைக்காவது வலிக்குதுன்னு யாருகிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"நீ எப்படா கேட்ட? அடுத்தவன் போட்டுல ஏறப் போறேன்னு ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டியா?"

"கேட்டா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருப்பேன்டா! தம்பி படிக்கணும், போறேன்பான்னு கேட்டிருந்தா நானே கொண்டாந்து ஏத்தி விட்டிருப்பேன். கடற்கரையில நாலு பேரு சொல்லி எனக்குத் தெரியணுமா? எம்புள்ள போன சேதிய எனக்கு ஐஸ் வண்டிக்காரன் சொல்றான்!"

நான் நடுவில் போகக் கிளம்பினேன். பழக்கம். அம்மா அடுப்படியிலிருந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"நீ போகாத. விடு. நல்லா சண்ட போடட்டும்."

போட்டார்கள். இரண்டு வருடத்துப் பாக்கி எல்லாம் வந்தது. அறுந்த வலை வந்தது, பம்ப் வந்தது, ஒரு பொங்கலுக்கு அப்பா சாப்பிடாமல் எழுந்து போனது வந்தது. விசைப்படகில் அண்ணனுக்கு ஒருமுறை காய்ச்சல் கண்டு நடுக்கடலில் கிடந்தபோது அப்பா இரண்டு நாள் துறைமுகத்திலேயே நின்றதும் வந்தது. அது அண்ணனுக்குத் தெரியாது. அப்பா சொல்லவில்லை, அம்மா இடையில் நுழைந்து சொன்னாள். அதன் பிறகு சத்தம் குறைந்தது. அண்ணன் திரும்பக் கூடையில் உட்கார்ந்தான். அப்பா பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, அவன் தைத்த தையலைப் பார்த்தார்.

"இது ஏர்போட்டு வரைக்கும்கூட தாங்காது. கொண்டா ஊசிய." வலை பின்னுகிற நைலான் நூலை எடுத்துவந்து, தைத்ததைப் பிரித்துவிட்டுத் தானே முதலிலிருந்து தைத்தார்.

மறுநாள் நான்கு பேரும் ஒரே ஆட்டோவில் ஸ்டுடியோவுக்குப் போனோம். அக்கா கதவைத் திறந்து எங்களை வரிசையாகப் பார்த்தார். "வாங்க, வாங்க" என்று சொல்லிவிட்டுத் துணியை விரித்தார்.

அதே சாம்பல் துணி. அதே நாற்காலி. அண்ணன் இந்த முறை நிமிர்ந்து நின்றான். அப்பா கையைத் தூக்கி அவன் தோளில் வைத்தார். அளவு சரியாக இருந்தது. நான்கு விரற்கடைதான்.

"வலிக்குதாப்பா?" என்று அண்ணன் வாயசைக்காமல் கேட்டான்.

"வலிக்குதுடா. சீக்கிரம் எடுக்கச் சொல்லு."

"எடுங்கக்கா, அப்பாவுக்கு வலிக்குதாம்."

"எடுத்துருவேன். ஐயா பல்லக் காட்டணும். அம்மா உத்தரவு."

அப்பா வாயை மூடிக்கொண்டு நின்றார். "எனக்கு சிரிப்பு வராதும்மா" என்றார்.

"அதெல்லாம் நல்லா வரும்க்கா" என்றான் அண்ணன். "முன்பல்லு ரெண்டு இல்ல அவருக்கு. வல இழுக்குற கப்பியில அடிபட்டு போச்சு. அதான் காட்ட மாட்டேங்குறாரு."

"அடச் சீ, வெக்கமா ஒங்களுக்கு?" என்று அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "முப்பது வருசமா நான் பாக்காத பல்லா?"

அப்பாவால் முடியவில்லை. அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டே உடம்பு குலுங்கச் சிரித்தார். அக்கா அந்த நேரம் விட்டுவிடாமல் அடித்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் படத்தில் நான் பாதிக் கண் மூடியிருக்கிறேன். அம்மாவின் முகம் காமிராவைப் பார்க்கவே இல்லை, அப்பாவைப் பார்க்கிறாள். அக்கா வேறு படம் காட்டினார், எல்லாரும் நேராக நிற்கிற நல்ல படம். அம்மா இதைத்தான் எடுத்தாள். ஒட்டுகிற வேலை இல்லாததால் கலரிலேயே போட்டுத் தருகிறேன் என்று அக்கா சொன்னார். அதற்கும் அம்மா வேண்டாம் என்றாள். நான் அசந்துபோனேன்.

கலரில் திரையில் பார்த்தபோது எனக்குக் காரணம் புரிந்தது. அம்மாவின் பட்டுப்புடவை சிவப்பாக முன்னால் வந்து நின்றது. என் சட்டையின் நீலமும் கூடவே வந்தது. கருப்பு வெள்ளைக்கு மாற்றியதும் அதெல்லாம் அடங்கிவிட்டது. அப்பாவின் புருவமும் அண்ணனின் புருவமும் ஒரே கோடாக இருப்பது தெரிந்தது. அப்பாவின் விரல்கள் சட்டைத் துணியை எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கின்றன என்பது தெரிந்தது. தோளில் ஐந்து குழி விழுந்திருந்தது. வாயில் இரண்டு பல் இல்லாத இடம் கருப்பாக, நன்றாகத் தெரிந்தது. தரையில் எட்டுப் பாதங்கள். அம்மா விரலை வைத்து எண்ணிப் பார்த்தாள்.

பணம் கொடுக்கிற இடத்தில் மறுபடியும் ஒரு சண்டை. அண்ணன் பர்ஸை எடுக்க, அப்பா அவன் கையைத் தட்டிவிட்டார். "எம்புள்ளைங்க படத்துக்கு நாந்தான் குடுப்பேன்." அக்கா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அப்பாவிடம் வாங்கிக்கொண்டார்.

தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்குகிற முதல் நாள், எங்கள் ஊரில் எந்தப் படகும் கரையில் கிடக்காது. இரண்டு மாதம் காத்திருந்த நாள் அது. முதல் நாள் மீனுக்கு விலையும் அதிகம். அன்று எங்கள் படகு மட்டும் கரையில் கிடந்தது. அப்பா வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து திருச்சிக்கு வந்தார். வழியெல்லாம் அண்ணனுக்கு வளைகுடாக் கடலின் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் அந்தக் கடலைப் பார்த்ததே இல்லை. அண்ணனும் எல்லாவற்றுக்கும் "சரிப்பா" என்றான். உள்ளே போகிற வாசலில் அப்பா அவன் தோளில் ஒருமுறை கையை வைத்தார். அண்ணன் நிமிர்ந்தே நின்றான்.

போய்ச் சேர்ந்து மூன்று வாரம் கழித்து அவன் போன் வந்தது. என் போனுக்கு அல்ல, அப்பாவின் போனுக்கு. அப்பா ஸ்பீக்கரில் போட்டுக் கத்திப் பேசினார். படத்தைத் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறானாம். கூட இருக்கிற ஒரு மலையாளி, "உங்கப்பா பயங்கரமாச் சிரிக்கிறாரே" என்றானாம். கடைசியில் அண்ணன் கேட்டான்.

"அப்பா, மொத்தம் எவ்வளவு செலவாச்சு? மொத மாசச் சம்பளத்துல அனுப்பிடுறேன்."

"அனுப்பு பாப்பம், செருப்பால அடிப்பேன்" என்றார் அப்பா.

போனை வைத்த பிறகு என்னைக் கூப்பிட்டார். "இருந்தாலும் எவ்வளவுடா ஆச்சு?"

இரண்டு முறை எடுத்தது, நான்கு பெரிய பிரிண்ட், ஒரு சட்டம் என்று ஸ்டுடியோவுக்கு மூவாயிரத்து முந்நூற்று ஐம்பது. ஒட்டிப் பார்த்ததற்கு அக்கா காசு வாங்கவில்லை. திருச்சிக்குப் போய்வந்த வேனுக்கு ஐயாயிரத்து ஐந்நூறு. அன்று கடலுக்குப் போகாமல் விட்ட முதல் நாள் மீனையும் சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"அதச் சேக்காத" என்றார்.

சேர்க்காமல் எட்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.